மாணவர்க்கு வழித்துணை

கல்லூரிகளின் பெருமை பேசப் புகுவார் கட்டடங்களைக் கூறுவர், நூலகத்தைக் கூறுவர், தேர்ச்சி விழுக்காட்டைக் கூறுவர், பேராசிரியர்தம் பெயர்க்குப் பின்னுள்ள பட்டங்களை எண்ணியுங் கூறுவர். ஆயின் பதினேழு பதினெட்டு வயதிற் பெற்றோரைப் பிரிந்து, பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கும் ஓரிளைஞன், எப்பாடத்தை எடுப்பது, எடுத்த பாடம் உள்ளத்திற்கு ஒவ்வாதபோது யாரிடஞ் சொல்வது, தோல்வியுற்ற நாளில் எக்கதவைத் தட்டுவது என்று தெரியாது நிற்குங்கால், அவனுக்கு அக்கல்லூரி யாரைக் காட்டுகின்றது என்னும் வினாவை எழுப்புவார் மிகச் சிலரே. இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளைச் செலவிட்ட பெண்மணி ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதத் துணிகின்றோம். அவர் அமெரிக்க நாட்டினர். வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக் கழகத்தின் முதல் மகளிர் டீன். பெயர் லூசி டிக்ஸ் ஸ்லோ.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கு வாஷிங்டனில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைக்கட்டும். நல்லாசிரியன் இன்னான் என்று இலக்கணம் வகுத்த நன்னூலார், ஆசிரியனாகத் தகாதவன் இன்னான் என்றும் உடன் வகுத்தார். அவ்விலக்கணம் வகுப்பறையில் நின்று பாடஞ் சொல்வார்க்கு மட்டுமே உரியதன்று என்பது எம் கருத்து. பாடத்திற்குப் புறத்தே மாணாக்கனை நெறிப்படுத்துவாரும் ஆசிரியரே. அவர்க்குங் கல்வி வேண்டும், தகுதி வேண்டும், தம் தொழிலைத் தம் அறிவின்படி செய்யும் உரிமையும் வேண்டும். ஸ்லோ அம்மையார் வாழ்நாள் முழுதும் வாதித்த வழக்கு இவ்வொன்றே.

முதற்கண் அப்பதவியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெண்களுக்குக் கதவு திறந்தன. திறந்தவுடன் பெற்றோர்க்கும் நிருவாகிகட்கும் அச்சம் பிறந்தது. ஆடவரும் பெண்டிரும் ஒரே வளாகத்திற் பயின்றால் யார் பார்த்துக்கொள்வது? இவ்வச்சத்தின் வயிற்றிற் பிறந்ததே மகளிர் டீன் என்னும் பதவி. 1892-இல் சிக்காகோ பல்கலைக் கழகம் திறக்கப்பெற்றபோது ஆலிஸ் ஃப்ரீமன் பாமர் அம்மையார் அதனை ஏற்றார். அவரோடு வந்த மேரியன் டால்பட் அம்மையார் பின்னர் 1925 வரை அப்பணியில் இருந்து, அதற்குக் கல்வித் துறையினரிடை மதிப்புத் தேடித் தந்தார். எல்லாவிடத்தும் இவ்வாறு அமையவில்லை. பல கல்லூரிகளில், சிறப்பாகக் கறுப்பினத்தவர் பயின்ற கல்லூரிகளில், மாணவியரைப் பேணும் பொறுப்பு மேட்ரன் என்னும் விடுதிக் காப்பாளரிடமே இருந்தது. விளக்கணைக்கும் நேரமும், வாயிற் பூட்டும், வந்துபோவார் கணக்குமே அவர் கற்ற கலை. அவர்களைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவ்வளவே அவர்களிடங் கேட்கப்பட்டது.

லூசி ஸ்லோ 1880-களில் வெர்ஜீனியா மாநிலத்துப் பெரிவில் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இளமையிலேயே தந்தையையுந் தாயையும் இழந்து உறவினரான ஓர் அம்மையாரால் வளர்க்கப்பெற்றார். பின்னர் அக்குடும்பம் பால்டிமோர் நகரிற் குடியேறிற்று. ஆண்டுக் கறுப்பினப் பிள்ளைகட்கெனத் தனியே வைத்திருந்த உயர்நிலைப் பள்ளியிற் கற்று, 1904-இல் உதவித்தொகை பெற்று ஹோவர்டிற் சேர்ந்தார். அப்பல்கலைக் கழகமும் நம்மனோர்க்கு முற்றும் அயலானதன்று. உள்நாட்டுப் போர் முடிந்தபின், விடுதலை பெற்ற மக்கட்குப் போதகரையும் ஆசிரியரையும் பயிற்றுவிக்க வேண்டும் என்று வாஷிங்டன் நகரத்துக் கிறிஸ்தவச் சபையார் சிலர் கொண்ட எண்ணத்தினின்று தோன்றி, 1867-இற் சாசனம் பெற்ற நிலையம் அது.

1908-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்குப் பயின்ற மாணவியர் சிலர் கூடி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் சங்கத்தை நிறுவினர். கறுப்பினக் கல்லூரி மகளிர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களுள் அதுவே முதலாவது. ஸ்லோ நிறுவினாருள் ஒருவர். அவ்வாண்டே தம் வகுப்பின் முதல் மாணவியாகப் பட்டம் பெற்று, பால்டிமோருக்கு மீண்டு ஆங்கிலம் பயிற்றினார். கோடை விடுமுறைகளில் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் படித்து 1915-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

விளையாட்டிற் பற்றுடைய அன்பர்கட்காக ஒன்று கூறி மேற்செல்வோம். வெள்ளையர் நடத்திய டென்னிஸ் பந்தயங்களிற் கறுப்பினத்தவர்க்கு இடமின்மையால், அவர்கள் 1916-இல் அமெரிக்க டென்னிஸ் சங்கம் என்று தமக்கென ஒன்று கண்டனர். மறு ஆண்டு பால்டிமோரில் நிகழ்ந்த அதன் முதல் தேசியப் பந்தயத்தில் மகளிர் ஒற்றையர் ஆட்டத்தில் வென்றவர், ஆங்கில ஆசிரியையாகிய நம் ஸ்லோ அம்மையாரே! இத்தகையதொரு பெரும் பந்தயப் பட்டத்தை வென்ற முதற் கறுப்பின அமெரிக்கப் பெண் என்று அவரைக் கூறுவர். உள்ளமே அன்றி உடலும் உரம்பெற்றவர் என்பதற்கு இதனைக் கூறினோம். அவ்வுரம் பின்னர் அவர்க்குப் பெரிதும் வேண்டியிருந்தது.

1919-இல் வாஷிங்டன் நகரிற் கறுப்பினப் பிள்ளைகட்கென முதன்முதல் அமைந்த ஜூனியர் உயர்நிலைப் பள்ளியை நடத்தும் தலைமையாசிரியரானார். மூன்றாண்டு கழித்து, ஹோவர்டின் தலைவராயிருந்த டர்க்கீ என்பார் அவரை மகளிர் டீன் பதவிக்கு அழைத்தார். அழைப்பு வந்ததும் மகிழ்ந்து ஓடியவரல்லர் அவர். தம் நிபந்தனைகளை எழுத்தில் வைத்தார். ஆசிரியர் குழுவில் தமக்குத் தகுந்த தரம் வேண்டும்; மாணவியரைப் பற்றிய கொள்கைகள் தம் அலுவலகத்தினின்றே பிறத்தல் வேண்டும்; பல்கலைக் கழக வளாகத்திலேயே வசித்தல் வேண்டும் என்னுங் கட்டாயம் தமக்கு இருத்தலாகாது. இவை ஏற்கப்பட்டன, 1922-இற் பதவியேற்றார்.

மூன்றாம் நிபந்தனையை மேலோட்டமாகப் படிப்பார்க்கு அஃதொரு சிறு வசதியாகத் தோன்றும். வளாகத்தில் வாழ்வதற்கென்ன, வாடகையும் மிச்சமன்றோ என்றுந் தோன்றும். ஆயின் கூர்ந்து நோக்குக. ஆடவர் டீன் எவரும் வளாகத்தில் வாழப் பணிக்கப்படவில்லை. இரவில் யார் எப்போது திரும்பினர் என்று பார்க்க வேண்டியவரே உள்ளே உறைதல் வேண்டும். கல்வி நெறியை வகுப்பவர் அங்ஙனம் உறைய வேண்டுவதில்லை. ஆகவே, வீடு எங்கே என்னும் வினாவினுள் நீ காவற்காரியோ ஆசிரியையோ என்னும் வினா அடங்கிக் கிடந்தது. அதனை முதல் நாளிலேயே கண்டுகொண்ட நுண்ணறிவை வியக்கின்றோம்.

அவர் கொண்ட கொள்கை யாதெனின், கல்லூரிக்கு வரும் பெண் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றலைப் பெற்று வெளியேறுதல் வேண்டும் என்பதே. வீட்டிற் பெற்றோர் சொற்படியும் கோயிலிற் போதகர் சொற்படியும் நடந்து பழகியவள், கல்லூரியில் மேட்ரன் சொற்படி நான்காண்டு நடந்தால், பட்டத்தோடு வெளியேறும் நாளில் யார் சொற்படி நடப்பாள்? எனவே விடுதிகளில் மேட்ரன்மாருக்கு மாறாகக் கல்லூரிக் கல்வியும் பயிற்சியும் பெற்ற மகளிரை அமர்த்த முயன்றார். மாணவியர் தம் விதிகளைத் தாமே வகுத்துத் தாமே நடத்தும் வழக்கத்தை வளர்த்தார். அவர்கட்கென ஆண்டுதோறும் பெருவிருந்தொன்றும், இசை நிகழ்ச்சிகளும், சொற்பொழிவுகளும் அமைத்தார். படித்த பெண்ணுக்கு ஆசிரியைத் தொழில் ஒன்றே உண்டு என்று எல்லாரும் எண்ணியிருந்த நாளில், ஒவ்வொருத்தியின் இயல்பும் விருப்பும் அறிந்து தொழிலுக்கு வழிகாட்டல் வேண்டும் என்று வற்புறுத்தினார். பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பார் இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் தொடங்கியதே 1908-இல்தான் என்பதை நினைந்தால், அக்கொள்கை அன்று எத்துணைப் புதியதென்பது விளங்கும்.

1933-இல் ஜர்னல் ஆஃப் நீக்ரோ எஜுகேஷன் என்னும் இதழில், கறுப்பின மகளிரின் உயர்கல்வியைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வரைந்தார். பொருளியல், அரசியல் முதலிய பாடங்களை மாணவியர் மிகக் குறைவாகவே எடுக்கின்றனர் என்றும், வாக்குரிமை பெற்ற நாட்டுக் குடிகளாகிய அவர்களைப் பொதுவாழ்விற்கு ஆயத்தம் செய்வாரில்லை என்றும் அதில் வருந்தினார். அக்கட்டுரையில் கிறிஸ்தவ மாணாக்கராகிய எம்மைச் சுருக்கென்று தைத்த பகுதியொன்றும் உளது. கறுப்பினப் பெண்கள் ஊட்டி வளர்க்கப்பெற்ற சமயக் கருத்துக்கள் பல அவர்தம் ஆற்றலை அடக்குவனவாகவே இருந்தன என்றும், பெண்ணின் நிலைபற்றித் தூய பவுல் கூறியவற்றைப் பழமைப்பட்டன என்றும் அவர் எழுதினார். மிஷன் கல்லூரிச் சஞ்சிகையில் இதனை எழுதுதல் தகுமோ என்று சிறிது தயங்கினோம். மறைத்தல் நேர்மையன்று. எம் கருத்தையும் ஒளியாது கூறுவோம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்திற் பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் நன்றியோடு பெயர்சொல்லிப் பாராட்டியவரும் அப்பவுலே. அப்பகுதியைத் திருமணத்திலும் விடுதி வழிபாட்டிலும் யாங் கேட்டதாக நினைவில்லை. அமைதியாயிருக்கப் பெண்களைப் பணிக்கும் பகுதிகளையோ பன்முறை கேட்டிருக்கின்றோம். அம்மையார் கண்ட குற்றம் பவுலிடத்தினும் தெரிந்தெடுத்து ஓதுவாரிடத்தே மிகுதி என்போம்.

நிற்க. விதிகளை வெறுத்துக் கட்டவிழ்த்துவிட்டவர் அவர் என்று யாரும் எண்ணற்க. மாணவியர் நல்ல அறைகளில், ஒருங்கே, தமக்கென அமைந்த விடுதிகளில் வாழ்தல் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடி, 1931-இல் மகளிர் வளாகம் எழுந்தோங்கக் கண்டவர் அவரே. மூன்று விடுதிகள் அங்கு எழுந்தன. அடிமைத்தனத்தினின்று விடுபட்டு நாடெங்கும் சென்று பேசிய சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் பெயரை ஒன்று தாங்கிற்று. அழகிய அறையும் நல்லுணவும் நல்லோர் கூட்டுறவும் பாடத்தின் ஒரு பகுதியே என்பது அவர் கோட்பாடு. தாமோ ப்ரூக்லண்டு என்னும் பகுதியில், நாடக ஆசிரியரும் பள்ளியாசிரியையுமாகிய மேரி பர்ரில் அம்மையாரோடு ஒரு வீட்டில் வாழ்ந்தார். அவ்வீட்டுத் தோட்டத்தில் மாணவியர் கூடிப் பேசுவது வழக்கம். அலுவலக மேசைக்கு எதிரே வாய்திறவாத பெண் தோட்டத்து நாற்காலியிற் பேசுவாள் என்பதை ஆசிரியரல்லர் அறியார்.

அவர் மாணவியர்க்குத் துணைநின்ற முறைக்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1927-இல் மாணவி ஒருத்தியின் தந்தை, பேராசிரியர் ஒருவர் வகுப்பில் மாணவியர் முன்னிலையிற் தகாத சொற்களை வழங்குகின்றார் என்று முறையிட்டார். டீன் அம்மையார் அதனை மூடிமறைக்கவில்லை. பல்கலைக் கழகத் தலைவரிடம் கொண்டுசென்றார். விளைந்ததென்ன? பேராசிரியர் பதவி இழக்கவில்லை. மேற்படிப்பிற்கென விடுப்பிற் சென்றார். அவர் எழுதிய இழிசொற் கடிதமொன்று அம்மையாரின் மேசைக்கு வந்தது. அது முதற்கொண்டு தலைமையோடு அவருக்கிருந்த உறவு கசந்தது என்பது அவர் வரலாற்றை ஆராய்ந்தார் கூற்று. டீன்களின் அவையில் அவர்க்கிருந்த இடம் பறிபோயிற்று. ஆடவராகிய டீன்களினும் அவர் ஊதியங் குறைந்தே நின்றது.

1926 முதல் ஹோவர்டின் தலைவராயிருந்தவர் மார்டிக்காய் ஜான்சன். அப்பல்கலைக் கழகத்தின் முதற் கறுப்பினத் தலைவர், 1960 வரை அதனை நடத்தி உயர்த்தியவர், போதகர், சொல்வன்மையிற் புகழ்பெற்றவர். அவர் பெருமையைக் குறைக்க எமக்கு எண்ணமில்லை. ஆயினும் அவர் காலத்திலேயே, 1933-இல், மகளிர் டீன் வளாகத்தில் வந்து வாழ்தல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1922-இல் எழுத்தில் ஏற்ற நிபந்தனை காற்றில் விடப்பட்டது. அவர்க்கெனக் காட்டிய வீடு பல்கலைக் கழகத்துக் குப்பை கொட்டுமிடத்தை அடுத்திருந்தது! அம்மையார் மறுத்தார். பழைய மாணவியர் எழுதினர். மகளிர் சங்கத்தார் எழுதினர். அவர் இறுதிவரை ப்ரூக்லண்டு வீட்டைவிட்டு நீங்கவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். விடுதியில் நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் உறங்குகின்றனர். நள்ளிரவில் ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால், வாயிலில் அயலான் வந்து நின்றால், பொறுப்புடையவர் அருகில் இருத்தல் நன்றன்றோ? பெற்றோர் நம்பி ஒப்படைத்தது டீன் ஒருவரையன்றோ? இத்தடை இகழத்தக்கதன்று. எம் வீட்டுப் பெரியோரும் இதனையே கேட்பர். காவல் வேண்டும், கதவிற்குப் பூட்டும் வேண்டும். ஸ்லோ அம்மையாரும் இவற்றை வேண்டாமென்றாரல்லர். அவற்றிற்கு ஆட்களை அமர்த்தித் தாமே மேற்பார்த்தார். எம் வாதம் இவ்வளவே: பூட்டும் சாவியும் கையிலுடையவரிடம் மாணாக்கர் உள்ளந் திறப்பதில்லை. நேற்று நேரந் தவறி வந்ததற்காக எம்மைக் குறிப்பேட்டில் எழுதியவரிடம், இன்று கணிதம் விளங்கவில்லை, வீட்டிற் தந்தைக்கு வேலை போயிற்று, இரவில் உறக்கமில்லை என்று எங்ஙனம் கூறுவோம்? கூறின் அதுவுங் குறிப்பேறுமோ என்று அஞ்சுவோம். தண்டிப்பாரும் தாங்குவாரும் ஒருவரேயாயின் தாங்குதல் என்னுஞ் செயலே நிகழாது போம். நீதிமன்றத்திற் தீர்ப்புக் கூறுவாரையே வழக்கறிஞராகவுங் கொள்ளும் நாடு எங்கேனும் உண்டோ?

அவர் தம் பல்கலைக் கழகத்தளவில் நின்றாரல்லர். 1923-இல் கல்லூரி மகளிரின் தேசியச் சங்கம் ஒன்று உருவாக, அதன் முதற் தலைவியானார். கறுப்பினக் கல்லூரிகளில் இத்தொழில் செய்வார் அங்குமிங்குமாகத் தனித்து வருந்துவதைக் கண்டு, 1929-இல் அவர்களை ஹோவர்டில் ஒன்றுகூட்டினார். மகளிர் டீன்கட்கும் ஆலோசகர்கட்கும் உரியதொரு சங்கம் அக்கூட்டத்தினின்று வளர்ந்தது. அவரிடம் பயின்ற ஹில்டா டேவிஸ் போல்வார் வேறு கல்லூரிகளிற் சென்று அப்பணியை ஏற்றனர். 1937-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வி மன்றம், மாணாக்கனை மூளை ஒன்றாகக் கருதாது முழு மனிதனாகக் கருதி, உடலும் உள்ளமும் தொழிலும் உறவும் ஒருங்கே நோக்கித் துணைபுரிதல் கல்லூரியின் கடன் என்னுங் கருத்துரையொன்றை வெளியிட்டது. மாணாக்கர் நலத் துறையினர் இன்றும் அதனைத் தம் துறையின் அடிப்படை ஏடென்று போற்றுவர். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஸ்லோ அம்மையார் காலமானார். பதவியிலிருந்தபடியே இறந்தார். பின்னர் 1940-களில் வாஷிங்டனில் அரசுப் பணி செய்த கறுப்பின மகளிர்க்கென எழுந்த விடுதிக்கு அவர் பெயரை இட்டனர். அவர் வாழ்ந்த ப்ரூக்லண்டு வீடு 2020-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. குப்பைமேட்டை அடுத்த வீட்டை இன்று யார் அறிவார்?

இனி, இந்நாளின் நிலையை நோக்குவோம். அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் மாணவர் வெற்றி என்னும் பெயராலேயே தனி அலுவலகங்கள் உள. அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக் கழகம் 2012 முதல், மாணாக்கரின் மதிப்பெண்களையும் பாடத் தெரிவையும் கணினியால் நாள்தோறும் ஆய்ந்து, வழுக்கி விழக்கூடியவர் யாவர் என்று முன்னரே கண்டு ஆலோசகர் அழைத்துப் பேசும் முறையைக் கையாள்கின்றது. அதனாற் பட்டம் பெறுவார் தொகை பெருகியது என்று பலரும் பாராட்டுகின்றனர். நற்செயலே. விழுமுன் கைகொடுத்தல் விழுந்தபின் தூக்குதலினும் மேலானது. எனினும் கணினி காட்டுவது யார் விழுவார் என்பதை மட்டுமே. ஏன் என்பதை அவன் வாய்தான் கூறல் வேண்டும். அதற்குக் கேட்குங் காது ஒன்று வேண்டும். பட்டம் பெற்றானா என்பது ஒரு கணக்கு. பட்டம் பெற்றபின் தன் காலில் நின்றானா என்பது ஸ்லோ அம்மையார் போட்ட கணக்கு. இரண்டாவதை எவ்வலுவலகமும் இன்னும் எளிதாக எண்ணிவிடவில்லை.

நம் நாட்டுக் கல்லூரிகளிலும் மென்டர் என்றொரு முறை வந்துள்ளது. மாணாக்கரைக் குழுக்களாகப் பகுத்து ஒவ்வொரு குழுவிற்கும் ஓர் ஆசிரியரை நியமிப்பர். ஆசிரியர் மாதந்தோறும் அவர்களைச் சந்தித்துக் குறிப்பேட்டில் எழுதுவார், மாணாக்கர் கையொப்பமிடுவர். எண்ணம் நன்று. மெய்யாகவே அன்போடு நடத்தும் ஆசிரியரையும் அறிவோம். அவர்கட்கு எம் வணக்கம். ஆயின் பல இடங்களில் நடப்பது வேறு. பருவ முடிவில் முப்பது பேரும் வரிசையில் நின்று, நான்கு மாதச் சந்திப்பிற்கும் ஒரே நாளிற் கையொப்பமிடுவர். குறை யாதேனும் உண்டோ என்னும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுமாறு முன்னிருப்பவன் பின்னிருப்பவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். தர மதிப்பீட்டுக் குழுவினர் வருங்கால் அக்குறிப்பேடுகள் வண்ணத்தாள் அட்டையிட்டு மேசைமேல் அடுக்கப்பெறும்.

நன்னூலார் ஆசிரியனாகாதவனுக்குக் கூறிய உவமைகளுள் முடத்தெங்கு என்பது ஒன்று. நீர்வார்த்து வளர்த்தவன் ஒருவனிருக்க, வளைந்து சென்று அடுத்த வீட்டான் முற்றத்திற் காயுதிர்க்கும் தென்னை அது. மாணாக்கன் தன் துயரை உரைக்க, அவ்வுரை அவனுக்குப் பயன்படாது மதிப்பீட்டுக் கோப்பிற்குப் பயன்படுமாயின், அக்குறிப்பேட்டை வேறென்னென்று அழைப்போம்? பிழை ஆசிரியரிடத்ததன்று. காலையில் நான்கு வகுப்பும், மாலையில் விடைத்தாளும், இடையே நூறு படிவங்களும் உடையவரிடம், எப்பயிற்சியும் அளியாது, முப்பது உள்ளங்களையும் ஒப்படைத்தல் அவர்க்கும் இடர், எமக்கும் இடர். மருத்துவம் கல்லாதாரை மருத்துவமனையில் அமர்த்துவாரில்லை. உள்ளம் நொந்தாரைத் தேற்றுதலும் கற்கவேண்டிய கலையே. ஸ்லோ அம்மையார் நிருவாகத்தோடு பொருததும் இதன்பொருட்டே: அன்புடையார் எவரும் செய்துவிடக்கூடிய சில்லறை வேலையென இதனைக் கருதும் மனப்பான்மையை அவர் ஒருநாளும் ஒப்பவில்லை.

நம் கல்லூரியில் முழுநேர ஆலோசகர் ஒருவரை அமர்த்துவது பற்றிப் பேச்சு நிகழ்வதாகக் கேள்வியுறுகின்றோம். அங்ஙனமாயின் மாணாக்கர் சார்பில் எம் விண்ணப்பம் சில உள. அமர்த்தப்பெறுவார் அத்துறையிற் கற்றவராக இருக்கட்டும். அவர் விடுதி வார்டனாகவோ ஒழுங்குக் குழுவின் உறுப்பினராகவோ இருத்தலாகாது. துறைத் தலைவர்கட்கு நிகரான தரமும், ஆசிரியர் அவையிற் பேசும் உரிமையும் அவர்க்கு அளிக்கப்படட்டும். இல்லையேல் மாணாக்கர் குறை அவ்வவைக்கு எட்டாது. அவரிடங் கூறியதை எழுதிவைக்கும் ஏடு அவர் பெட்டியிலேயே பூட்டியிருக்கட்டும். எக்குழு வரினும் மேசைமேல் ஏறாதிருக்கட்டும். அவர் எங்கே வசிப்பார் என்பது அவர் விருப்பம்.

அறைக்கு இடமில்லை என்று சொல்லப்படுவதுங் கேட்டோம். பழைய நூலகத்தின் பின்புறத்து அறையில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்பட்டுள்ளன. அதற்கு நல்ல கதவுண்டு. வேப்பமரத்தை நோக்கிய சன்னலுமுண்டு. வராந்தா வழியே செல்வார்க்கு உள்ளிருப்பார் முகந் தெரியாது. அப்பெஞ்சுகளை அப்புறப்படுத்த விடுதி மாணாக்கர் பன்னிருவர்க்கு ஒரு சனிக்கிழமைக் காலை போதும். பன்னிருவர் பெயரும் எம்மிடம் உள.